குனிந்த தலை நிமிராத பிள்ளைகள்

"குனிந்த தலை நிமிராத பெண்" என்று ஒரு காலத்தில் நம் ஊரில் சர்டிஃபிகேட் கொடுப்பார்கள். கல்யாணத் தரகர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை இதைச் சொன்னால் பெண் நல்ல பெண் என்று அர்த்தம். இன்றைக்கு அந்த சர்டிஃபிகேட்டை எங்கள் வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும், ஆண் பெண் வித்தியாசம் பார்க்காமல், தாராளமாகக் கொடுக்கலாம். காலையில் பஸ்ஸில் ஏறினால் எல்லார் தலையும் குனிந்துதான் இருக்கிறது. காரணம் வெட்கம் இல்லை, கையில் இருக்கும் போன்.

போன செமஸ்டர் பரீட்சை நேரத்தில் என் ரூம்மேட்டுக்குக் கழுத்து வலி வந்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தைலம் தேய்த்துக்கொண்டான். ஆகவில்லை. தலையைத் திருப்பிப் பார்க்க முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்ப ஆரம்பித்தான். நாங்கள் சிரித்தோம். ஊரிலிருந்து அவன் அம்மா, "எப்பப் பாரு அந்தப் போனையே பாத்துக்கிட்டு இருந்தா கழுத்து வலிக்காம என்னடா பண்ணும்?" என்று திட்டினார். (போனில்தான் திட்டினார் என்பது வேறு விஷயம்.) டாக்டர், "போனைக் குறைச்சுக்கோங்க தம்பி" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானும் என் பங்குக்கு, இன்டர்நெட்டில் படித்த "27 கிலோ" கதையை எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "எல்லா நோட்ஸும் போன்லதானடா இருக்கு. எதைக் குறைக்க?"

எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் என்னை இதைத் தேட வைத்தது. இந்தக் கழுத்து வலி உண்மையிலேயே புதுசா? இதற்கு முன்னால் வேறு எந்தக் கருவியாவது மனிதனை இப்படிப் படுத்தியதா? அப்போது யார் மேல் பழி போட்டார்கள்? தேடத் தேட, இது ஸ்மார்ட்போனைவிட ரொம்பப் பழைய கதை என்று தெரிந்தது. நான் காமர்ஸ் மாணவன், டாக்டர் இல்லை. ஆகவே இதை வைத்தியக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாமல் வரலாறாகப் படியுங்கள்.

ஏடு எழுதியவர்களின் கழுத்து

அச்சு இயந்திரம் வருவதற்கு முன்னால் ஒரு புத்தகம் இன்னொருவருக்கு வேண்டும் என்றால் யாராவது உட்கார்ந்து முழுவதையும் கையால் படி எடுக்க வேண்டும். நம் பக்கம் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். ஓலையை இடது கையில் பிடித்து, வலது கையில் எழுத்தாணியைப் பிடித்து, கீறல் சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். இப்போது போன் பிடிப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதே இடது கை, அதே குனிந்த தலை!

இந்தியா முழுவதும் கிடைத்த சமஸ்கிருதச் சுவடிகள் பலவற்றின் கடைசியில், படி எடுத்தவர்கள் வழக்கமாகச் சேர்த்துவிடும் ஒரு செய்யுள் இருக்கிறது. முதுகும் இடுப்பும் கழுத்தும் ஒடிந்துபோகும்படி கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறேன், இந்த ஏட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். கவனியுங்கள், கழுத்தை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் மடாலயங்களில் உட்கார்ந்து பைபிளையும் மற்ற நூல்களையும் படி எடுத்த துறவிகள் இதே போலப் புலம்பிக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். எழுதுவது மூன்று விரல்தான், ஆனால் உழைப்பது முழு உடம்பு என்பது அவர்களின் பொதுவான புகார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த ஏடு எழுதியவரை யாரும் "நீ ஏன் குனிந்தாய்?" என்று கேட்கவில்லை. குனியாமல் அந்த வேலை நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும். வலி வேலையின் விலை. அதைச் சொல்லி அவர் கேட்டதும் காசு இல்லை, வாசிப்பவரிடம் கொஞ்சம் மரியாதை மட்டும்தான்.

"என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்ட டாக்டர்

இந்த வலியை முதன்முதலில் வைத்தியப் புத்தகத்தில் விரிவாக எழுதியவர் என்று இத்தாலிக்காரர் பெர்னார்டினோ ரமாஸினியைச் (1633–1714) சொல்லலாம். மோடெனா நகரில் பேராசிரியராக இருந்தபோது, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து வந்த பட்டியலில் இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்றார். "நீ என்ன தொழில் செய்கிறாய்?"

இன்றைக்கு இது சாதாரணக் கேள்வி. அன்றைக்கு இது புதுசு. இதற்காக மனிதர் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் நேரில் போய்ப் பார்த்தார். உட்கார்ந்தே வேலை பார்க்கும் தையற்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் தங்கள் சங்கத்தின் திருவிழா நாளில் இரண்டு இரண்டு பேராக ஊர்வலம் போவதை அவர் வர்ணித்திருக்கிறார். எல்லோரும் கூன் விழுந்து, தோள் வளைந்து, ஆடி ஆடி நடப்பதைப் பார்த்தால் இந்தக் குறைகளைக் காட்டுவதற்கென்றே ஆள் பொறுக்கி எடுத்தது போல இருக்கிறதாம். சிரித்துவிட்டு அவர் சும்மா போகவில்லை. விடுமுறை நாளிலாவது இவர்கள் நன்றாக நடந்து, உடற்பயிற்சி செய்து, வாரம் முழுக்க உட்கார்ந்ததை ஈடுகட்ட வேண்டும் என்று எழுதி வைத்தார்.

1713இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் நமக்கு வேண்டிய அத்தியாயம் இருக்கிறது. எழுத்தர்களும் நோட்டரிகளும் படும் அவஸ்தை பற்றியது. அவர்கள் நோய்க்கு மூன்று காரணம் சொல்கிறார்.

ஒன்று, ஓயாமல் உட்கார்ந்தே இருப்பது.
இரண்டு, கையை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப அசைப்பது.
மூன்று, மனசுக்கு ஏற்படும் இறுக்கம். கணக்கில் கூட்டல் கழித்தல் தப்பாகிவிடுமோ, அதனால் முதலாளிக்கு நஷ்டம் வந்துவிடுமோ என்ற பயம்.

மூன்றாவது காரணத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாமல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கும் எந்த பி.காம் மாணவனுக்கும் அந்த இறுக்கம் எங்கே போய் உட்காரும் என்று தெரியும். இரண்டு தோளுக்கும் நடுவில், கழுத்துக்குக் கீழே!

தனக்குத் தெரிந்த ஒரு நோட்டரியின் கதையையும் ரமாஸினி சொல்கிறார். வாழ்நாள் முழுக்க எழுதியே நன்றாகச் சம்பாதித்தவர். முதலில் வலது கையில் அசதி. எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. கடைசியில் கை முழுவதுமாகச் செயலிழந்தது. விடாமல் இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் அந்தக் கையும் அதே கதி. கையை மாற்றினார், ஆனால் வேலையின் நேரத்தை மாற்றவில்லை. இந்த நோட்டரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்பத் திரும்ப வருவார்.

மாணவன் தலையைத் தாங்கிய இரும்பு

தொழிலாளர்கள் கதை இப்படி இருக்க, மாணவர்கள் குனிவது எப்போது பிரச்சினையாக ஆனது? ஐரோப்பாவில் எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த 19ஆம் நூற்றாண்டில். அதுவரை ஓடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒரே பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். பெஞ்சுக்கும் பிள்ளையின் உயரத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்போது பிரஷ்யாவில் இருந்த பிரெஸ்லௌ நகரத்தில் (இன்று போலந்தின் விராட்ஸ்வாஃப்) ஹெர்மன் கோன் என்ற கண் டாக்டர் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதித்து 1867இல் முடிவுகளை வெளியிட்டார். மேல் வகுப்புக்குப் போகப் போகக் கிட்டப்பார்வை அதிகமாகிக்கொண்டே போனது. மோசமான பெஞ்சு, வெளிச்சம் போதாத அறை, அதனால் புத்தகத்தில் மூக்கு இடிக்கும்படி குனிந்து படிப்பது ஆகியவற்றை அவர் காரணமாகக் காட்டினார். இதற்குப் பிறகு பள்ளி மேசையை எப்படிச் செய்வது என்பது பெரிய விவாதமானது. டாக்டர்களும் ஆசிரியர்களும் தச்சர்களும் ஆளுக்கொரு மேசை வடிவமைத்தார்கள்.

அதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பிள்ளைகள் தலையைக் குனியாமல் இருக்க, மேசையில் மாட்டி முகத்தைத் தாங்கிப் பிடிக்கும் கருவிகள் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தன. தலை தானாகக் கீழே வர முடியாது, கம்பி தடுக்கும். அந்த இரும்பை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் கழுத்தில் ஒட்டிக்கொண்டு, குனிந்தால் அதிர்ந்து எச்சரிக்கும் கருவிகள் இன்று ஆன்லைனில் விற்கின்றன. தாத்தா இரும்பு, பேரன் பேட்டரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பிள்ளையை எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார வைக்கிறோம் என்று கேட்பதைவிட, அவன் தலைக்குக் கீழே ஒரு கம்பி வைப்பது சுலபம். செலவும் குறைவு.

நிப்பும் தந்தியும்

இதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரும்பு நிப் வந்தது. பர்மிங்ஹாம் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் செய்து தள்ளின. அலுவலகங்களில் இறகுப் பேனா போய் நிப் பேனா வந்தது. குமாஸ்தாக்களின் கை இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. லண்டன் டாக்டர் சாமுவேல் சோலி 1864இல் இது பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தினார். எழுத்தர் வாதம் என்று பெயரே வந்துவிட்டது. நிப்தான் காரணம் என்று ஒரு கட்சி சொன்னது. சில வருடம் கழித்து, 1888இல், புகழ்பெற்ற நரம்பியல் டாக்டர் வில்லியம் கவர்ஸ் தன் பாடநூலில் இதைத் தொழில் நரம்புக் கோளாறுகள் என்ற தலைப்பில் சேர்த்தார். பதற்றமான சுபாவம் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்ற கருத்தும் அதில் உண்டு.

ஆக, இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒன்று, "கருவி கெட்டது" கட்சி. இன்னொன்று, "ஆள் சரியில்லை" கட்சி. இதற்குப் பிறகு வரும் எல்லாச் சண்டையும் இந்த இருவருக்கும் இடையில்தான்.

பெரிய சண்டை தந்தியில் நடந்தது. 1844இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையில் மோர்ஸ் தன் தந்தியை ஓட்டிக் காட்டினார். அதன் பிறகு உலகமே அந்தக் கட்டையைத் தட்ட ஆரம்பித்தது. ஒரு எழுத்துக்குப் பல தட்டு. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தட்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1875இல் பிரான்சில் ஓனிமூஸ் என்ற டாக்டர் தந்தி ஊழியர்களின் கைப்பிடிப்பைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் தந்திக்காரர்கள் இதைக் "கண்ணாடிக் கை" என்று அழைத்தார்கள்.

இங்கேதான் கதை எங்கள் சிலபஸுக்குள் நுழைகிறது. பிரிட்டனில் 1906ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு புதிய காரியம் செய்தது. விபத்துக்கு மட்டும் இல்லாமல் தொழிலால் வரும் நோய்க்கும் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது. முதலில் பட்டியலில் இருந்தவை 6 நோய்கள். ஆந்த்ராக்ஸ், ஈய விஷம், பாதரச விஷம் இந்த வகை. 1908இல் அந்தப் பட்டியலில் தந்தி ஊழியர் கைப்பிடிப்பும் சேர்க்கப்பட்டது. (நம் நாட்டின் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு இந்த பிரிட்டிஷ் சட்டம்தான் அண்ணன்.)

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத, ரத்தப் பரிசோதனையில் அகப்படாத ஒரு வலிக்கு, "இது உன் தப்பு இல்லை, வேலையின் தப்பு, வேலை கொடுத்தவன் காசு கொடுக்க வேண்டும்" என்று சட்டமே சொல்லிவிட்டது.

உடனே கேள்வி வந்தது. இத்தனை பேருக்கு உண்மையிலேயே வலிக்கிறதா? தபால் துறைதான் அங்கே தந்தியை நடத்தியது, ஆகவே காசு அரசாங்கத்தின் காசு. ஒரு குழு போட்டார்கள். 1911இல் வந்த அதன் அறிக்கை இரண்டு காரணம் சொன்னது. ஊழியரின் நரம்புத் தளர்ச்சி ஒன்று, செய்தி அனுப்பும்போது சிக்கலான அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் களைப்பு இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி பிரித்துக் கொடுத்தது மாதிரி.

இதற்கு நடுவில் நியூயார்க்கில் ஹொரேஸ் மார்ட்டின் என்பவர் ஒரு புதுக் கருவிக்கு 1904இல் காப்புரிமை வாங்கினார். வைப்ரோப்ளெக்ஸ் என்று பெயர். கட்டையை மேலும் கீழும் தட்ட வேண்டாம், பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் போதும், புள்ளிகள் தானாக விழும். கைக்குப் பெரிய நிம்மதி. இதைத் தந்தி ஊழியர்கள் பலர் சொந்தக் காசில் வாங்கி ஆபீசுக்கு எடுத்துப்போனார்கள். கை முதலாளிக்காகத் தட்டுகிறது, கையைக் காப்பாற்றும் செலவு ஊழியரின் கணக்கில்!

ஆஸ்திரேலியாவில் பெருவாரி

இன்னும் ஒரு நிறுத்தம். 1980களில் அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆஸ்திரேலியாவில் விசைப்பலகையில் வேலை பார்த்தவர்களுக்குக் கை, தோள், கழுத்து எல்லாம் வலிக்க ஆரம்பித்தது. திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயம் என்ற பொருளில் ஆர்.எஸ்.ஐ என்று பெயர் வைத்தார்கள். டெலிகாம் ஆஸ்திரேலியா நிறுவனத்தில் மட்டும் 1981 முதல் 1985 வரை ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 4,000 பேர் புகார் கொடுத்தார்கள்.

அந்த நிறுவனத்தின் கணக்கில் ஒரு விசித்திரம் இருந்தது. விசைகளை மிக வேகமாக அடிப்பவர்கள் தந்திப் பிரிவு ஊழியர்கள். அவர்களில் ஆயிரத்துக்கு 34 பேருக்குத்தான் இந்த வலி. அவர்களைவிட மிகக் குறைவாக விசை அடிக்கும் தொலைபேசி ஆபரேட்டர்களில் ஆயிரத்துக்கு 343 பேர். பத்து மடங்கு! கருவி மட்டுமே காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

இதை வைத்து "ஆள் சரியில்லை" கட்சி குதித்தது. எல்லாம் மனப்பிரமை, இழப்பீட்டுக்கு ஆசை என்றார்கள். சில டாக்டர்கள் கிண்டலாகக் "கங்காரு பாதம்" என்று பெயர் வைத்தார்கள். 1987இல் ஓர் அரசு ஊழியர் தொடுத்த முக்கியமான வழக்கு தோற்றது. புகார்களும் மெல்லக் குறைந்தன.

ஆனால் அந்த 343க்கு இன்னொரு அர்த்தமும் எடுக்கலாம் அல்லவா? விசை எத்தனை என்பது மட்டும் கணக்கில்லை, வேலை எப்படிப்பட்டது என்பதும் கணக்கு. அடுத்த அழைப்பு எப்போது வரும் என்பது ஆபரேட்டர் கையில் இல்லை. நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது. ரமாஸினி சொன்ன மூன்றாவது காரணத்தை மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் எண்ணினால் கணக்கு இப்படித்தான் டேலி ஆகாது.

இப்போது நம் கழுத்து

2007இல் ஐபோன் வந்தது. அடுத்த வருடமே, 2008 வாக்கில், ஃப்ளோரிடாவைச் சேர்ந்த டீன் ஃபிஷ்மன் என்ற கைரோபிராக்டர் "டெக்ஸ்ட் நெக்" என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயர் பிறந்துவிட்டால் பாதி நோய் பிறந்த மாதிரி.

2014இல் நியூயார்க் முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் ஒரு கட்டுரை வெளியிட்டார். நான் ரூம்மேட்டிடம் அளந்துவிட்ட 27 கிலோ இதிலிருந்து வந்ததுதான். நிமிர்ந்திருக்கும்போது தலையின் எடை சுமார் 5 கிலோ. 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை 12 கிலோ, 30 டிகிரிக்கு 18, 45க்கு 22, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. அதாவது ஒரு சிப்பம் அரிசியை, அதுவும் 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கடைகளுக்கு வந்த 26 கிலோ சிப்பத்தை, கழுத்தில் தூக்கி வைத்த மாதிரி. உலகம் முழுக்க இந்தப் படம் ஓடியது.

இந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் இது கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒரு மாதிரியில் போட்ட கணக்கு. வலி இருக்கும் ஆட்களையும் இல்லாத ஆட்களையும் அளந்து பார்த்த ஆய்வு இல்லை. சுமை விழுகிறது என்பது ஒன்று, அதனால் காயம் ஆகிறது என்பது வேறொன்று. உட்கார்ந்து எழும்போது முட்டியிலும்தான் உடம்பு எடையைப் போல சில மடங்கு சுமை விழுகிறது. அதற்காக நாம் உட்காராமல் இருப்பதில்லை.

2019 ஜூனில் இன்னொரு பூதம் கிளம்பியது. போன் பார்க்கும் இளைஞர்களுக்கு மண்டைக்குப் பின்னால் கொம்பு முளைக்கிறது என்று செய்தி! ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருவர் சுமார் 1,200 எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2018இல் எழுதிய கட்டுரைதான் மூலம். படித்துப் பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த ஆய்வில் யார் எவ்வளவு நேரம் போன் பார்த்தார்கள் என்று அளக்கவே இல்லை. எழுதியவர்களில் ஒருவர் உடல் நிலையைச் சரிசெய்யும் தலையணை விற்பவர் என்பதும் வெளியே வந்தது. 2019 செப்டம்பரில் கட்டுரைக்குத் திருத்தம் வெளியானது. கொம்பு செய்தி போன தூரத்துக்குத் திருத்தம் போகவில்லை.

சரி, நேரடியாக ஆட்களை வைத்துப் பார்த்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2018இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் 18 முதல் 21 வயது வரை 150 பேரைப் பார்த்தார்கள். நம் வயசு. போன் பார்க்கும்போது எப்படி நிற்கிறார்கள் என்பதைப் படம் எடுத்து பிசியோதெரபிஸ்டுகளிடம் மதிப்பிடச் சொன்னார்கள். குனிந்து பார்ப்பவர்களுக்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தெரியவில்லை. 2021இல் 582 பேரிடம் குனியும் கோணத்தையே அளந்து பார்த்த ஆய்விலும் அதே பதில்.

அப்படியென்றால் போனுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லையா? அதுவும் இல்லை. சுவீடனில் 20 முதல் 24 வயதுள்ள சுமார் 7,000 பேரிடம் தொடங்கி, ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. நிறைய மெசேஜ் அனுப்புகிறவர்களிடம் கழுத்து, மேல் முதுகு வலி அதிகம் இருந்தது. ஏற்கெனவே வலி இருந்தவர்களுக்கு அது நீடித்தது. ஆனால் வலியே இல்லாமல் தொடங்கியவர்களுக்குப் புதிதாகக் கழுத்து வலியை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. பாதிப்பு பெரும்பாலும் குறுகிய காலத்தது என்றே அவர்கள் முடித்தார்கள்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். குனியும் கோணம் வில்லன் இல்லை. அசையாமல் நீண்ட நேரம் ஒரே நிலையில் இருப்பது, தூக்கம் இல்லாதது, மனசின் இறுக்கம் எல்லாம் சேர்ந்த கூட்டுக் குடும்பம்தான் வலி. 1713இல் ரமாஸினி போட்ட மூன்று பற்று வரிகளில் இரண்டு இதிலும் இருக்கின்றன.

யார் கணக்கில் பற்று?

ஏடு எழுதியவர் வலியைச் சொல்லி மரியாதை கேட்டார். தந்திக்காரருக்கு 1908இல் சட்டம் இழப்பீடு கொடுத்தது. ஆஸ்திரேலிய டைப்பிஸ்ட் கோர்ட்டுக்காவது போக முடிந்தது. மாணவன் எங்கே போவான்? அவனுக்கு முதலாளி கிடையாது. அவன் கழுத்து வலிக்குப் பொறுப்பாளி அவன் மட்டும்தான் என்று எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்துவிட்டோம்.

ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டாமா? 2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது நாங்கள் ஸ்கூலில் இருந்தோம். "போனைத் தொடாதே" என்று சொன்ன அதே பெரியவர்கள்தான் கையில் போனைக் கொடுத்து "ஒழுங்காக கிளாஸைக் கவனி" என்றார்கள். லேப்டாப் இருந்த வீடு எத்தனை? ஆறு அங்குலத் திரையில் கரும்பலகையைப் படித்தோம். ஸ்கூல் திறந்தது, நாங்கள் காலேஜ் வந்தோம். போனுக்குள் போன நோட்ஸ் மட்டும் வெளியே வரவில்லை. அசைன்மென்ட், டைம்டேபிள், ஹால் டிக்கெட், ரிசல்ட், ஃபீஸ் எல்லாம் அங்கேதான். நாங்கள் ரீல்ஸ் பார்க்கிறோம், மறைக்கவில்லை. அது ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்படி செய்து வைத்திருப்பதும், நாங்கள் பார்க்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் விளம்பரக் காசாக்குவதும் வேறு யாரோ. வரவு அவர்கள் புத்தகத்தில், வலி எங்கள் புத்தகத்தில்.

இதனால் மாணவனுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லவில்லை. ரமாஸினியின் நோட்டரி கையை மாற்றினார், நேரத்தை மாற்றவில்லை. கம்பி மாட்டுவது, பெல்ட் போடுவது, போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கை வலியை வரவழைத்துக்கொள்வது எல்லாமே கையை மாற்றும் வேலைதான். மாற்ற வேண்டியது இடைவெளி இல்லாத நேரத்தை. அதில் பாதி நம் கையில் இருக்கிறது. மீதிப் பாதி, நோட்ஸை அச்சில் கொடுக்கலாமா, லைப்ரரியில் கம்ப்யூட்டர் வைக்கலாமா என்று யோசிக்க வேண்டியவர்கள் கையில் இருக்கிறது. வெறுமனே "போனைக் கீழே வை" என்று சொன்னால் அந்த மீதிப் பாதி தப்பித்துவிடும்.

என் ரூம்மேட் கதையை முடித்துவிடுகிறேன். நாங்கள் நாலு பேர் காசு போட்டு முக்கியமான நோட்ஸை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தோம். படிக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை யாராவது ஒருவன் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டோம். ராத்திரி டீக்கடை வரை நடை. பரீட்சை முடிந்த ஒரு வாரத்தில் அவன் கழுத்து சரியாகிவிட்டது. அந்த ஒரு வாரமும் அவன் போனில் படமாகப் பார்த்துத் தள்ளினான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பரீட்சை பயம் போனதால் சரியானதா, நடந்ததால் சரியானதா, தானாகச் சரியானதா, எனக்குத் தெரியாது. ஓர் ஆளை வைத்துப் புள்ளிவிவரம் போட முடியாது.

(ஒரு விஷயம் மட்டும்: வலி கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்துப்போனாலோ, கை பலம் குறைந்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.)

அடுத்த முறை யாராவது கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "எப்பப் பாரு போன்" என்று ஆரம்பிப்பதற்கு முன்னால், முந்நூறு வருடத்துக்கு முன் அந்த இத்தாலி டாக்டர் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "என்ன வேலை பார்க்கிறாய்? எத்தனை மணி நேரமாக?" நான் என் ரூம்மேட்டிடம் அதைக் கேட்காமல் சிரித்தேன். கேட்டிருக்க வேண்டும்.